பூனைக்காலிக்கு அடியில்

தவெயுனி
பிப்ரவரி 18

அன்புள்ள வைசாகே அண்ணாவுக்கு,

தங்கை அலுமிதா எழுதுவது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். ஆஸ்திரேலியத் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா?

நான் பெரியவளான நாளிலிருந்து நாம் நேருக்கு நேர் பேசியதில்லை. நம் ஊரில் அண்ணன் தங்கை அப்படித்தான். சாப்பாட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். நீ கிளம்பிய காலையில்கூட முற்றத்து நாயைப் பார்த்துத்தான் பேசினாய். "டேய், நான் ஜூலைல வந்துடுவேன். அதுவரைக்கும் கொடியை யாரும் வெட்டக் கூடாது. கேட்க வேண்டியவங்க கேட்டுக்கோங்க." நாய் கேட்டுக்கொண்டது. நானும் கேட்டுக்கொண்டேன்.

போனில் உன் குரல் வந்தால் நான் எழுந்து போய்விட வேண்டியிருக்கும். எழுத்துக்கும் அந்தத் தடை உண்டா என்று பெரியப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டால் இருக்கும்.

டிசம்பரில் நீ விதைத்த பூனைக்காலி நிலம் முழுவதையும் மூடிவிட்டது. வருடாவருடம் சேம்பு நட்டுச் செத்துப்போன மண் என்று நீ சொன்ன இடமெல்லாம் இப்போது ஒரே பச்சை. மனோவா லாரியை நிறுத்திப் பார்த்தான். அத்தை மகன் என்பதால் அவன் வாயைப் பொறுக்க வேண்டியிருக்கிறது. "மச்சான் நிலத்துக்குப் போர்வை போத்திட்டுப் போயிருக்கானே. நிலத்துக்குக் காய்ச்சலா?"

பெரியப்பா சிரிக்கவில்லை. "வைசாகே பயிர் நிக்கிற வரைக்கும் அது வைசாகே நிலம். நீ அவன் வீட்டுல இருந்துக்கோ" என்றார். கணவன் வீட்டிலிருந்து வந்துவிட்டவளுக்குப் பங்காளிகள் நிலம் தருவதில்லை. ஆகவே உன் நிலத்தின்மேல் நிற்கிறேன். இதை நீ அறிந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் மழை கேட்பதில்லை. இடப்பக்கம் படுத்தால் கேட்கிறது. வேறு குறை ஒன்றும் இல்லை.

கடவுள் உன் தோளுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

தங்கை
அலுமிதா


தக்காளிப் பண்ணை
மார்ச் 24

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. உன் கடிதம் சேர்ந்தது. நான் சௌக்கியம். தண்ணீர் ஒத்துக்கொண்டது. சாப்பாடுதான் மூன்று வேளையும் ரொட்டி. நீயும் பெரியப்பாவும் நலமாக இருக்க ஞாயிறுதோறும் வேண்டிக்கொள்கிறேன்.

இங்கே தக்காளிக்கு மண் கிடையாது. தேங்காய் நார் அடைத்த பை, அதற்கு ஒரு குழாய். பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வேலை. மருந்து அடித்த பிறகு கொஞ்ச நேரம் வெளியே நிற்கச் சொல்கிறார்கள். சில நாள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். எனக்கு இருமல் எதுவும் இல்லை.

கொடியைப் பற்றி யார் என்ன சொன்னாலும் விட்டுக்கொடுக்காதே. பயிற்சி கொடுக்க வந்த விவசாய அதிகாரி எங்களுக்கு விளக்கியதை எழுதுகிறேன். இது அரிக்காத பூனைக்காலி. களையை நிழலால் மட்டும் அடக்குவதில்லை. இதன் இலையிலும் வேரிலும் ஒரு பொருள் இருக்கிறது. மழை அதைக் கழுவி மண்ணில் இறக்கும். பக்கத்தில் முளைக்கிற விதையின் வேர் நுனி அதில் பட்டால் அதற்குமேல் நீளாது. பழுப்பாகி நின்றுவிடும். தொட்டாற்சிணுங்கியெல்லாம் அப்படித்தான் போகும். நாம் மருந்து அடிக்கவே வேண்டாம், செடியே அடித்துக்கொள்ளும்.

பூ வந்ததும் வெட்டி, நிலத்திலேயே பரப்பி, பிறகு சேம்பு நட வேண்டும். ஜூலையில் நானே வந்து செய்வேன். அதுவரை அது உனக்கும் காவல்.

மழை கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். தகரக் கூரையில் ஓலை விழுந்திருக்கும். மனோவாவை ஏறிப் பார்க்கச் சொல்.

உன் அண்ணன்
வைசாகே


தவெயுனி
ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் கேட்டு எழுதியது கிடைத்தது. நலம்தான். இல்லாத இருமலை நீ ஏன் எழுதினாய் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கூரையில் ஓலை எதுவும் இல்லை.

ஈஸ்டர் முடிந்த வாரம் அக்கரைத் தீவு வனுவா லேவுவிலிருந்து என் கணவன் வீட்டார் நான்கு பேர் படகில் வந்தார்கள். அவர் வரவில்லை. அவருடைய அண்ணன்மார். பெரியப்பா முன்னால் மண்டியிட்டு, திமிங்கிலப் பல்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பேசினார்கள். நடந்ததை இந்தப் பல் புதைக்கட்டும், எங்கள் வீட்டுப் பெண்ணைத் திருப்பித் தாருங்கள் என்றார்கள். அழகான பேச்சு. நடந்தது என்ன என்று மட்டும் அதில் இல்லை.

பெரியப்பா பல்லைத் தொடவில்லை. வாங்கியிருந்தால் அன்று மாலைப் படகில் நானும் போயிருக்க வேண்டும். "அவ அண்ணன் ஜூலைல வர்றான். அவன் நிலத்துல அவளுக்குச் சாப்பாடு இருக்கு. அவன் இல்லாம நான் எப்படிக் கை நீட்டுறது?" என்று யங்கோனா வேரைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் நிலத்துக்கு வந்தார். சாப்பாடு இருக்கிறதா என்று பார்க்கத்தான். கொடியை இரண்டு கையாலும் விலக்கிக் காட்டினேன். உள்ளே இருட்டு. வெறும் கறுப்பு மண். ஒரு புல் கிடையாது. அவர் விரலால் கிளறினார்.

"பக்கத்துல எதையும் வளர விடலை. தானும் ஒண்ணும் குடுக்கலை. இது என்ன பயிர்?"

"மண்ணுக்குக் குடுக்குதாம் பெரியப்பா."

"மண்ணு என்கிட்ட வந்து ஒண்ணும் சொல்லலையே."

அவர் போன பிறகும் கொடியை விலக்கியபடி உட்கார்ந்திருந்தேன். கைப்பிடி அளவு இடத்தில் ஏதாவது முளைத்திருக்கிறதா என்று தேடினேன். எதற்காகத் தேடினேன் என்று தெரியவில்லை.

அண்ணா, பல் வந்ததைப் பற்றி உன் மனதில் இருப்பதை எழுது. நேரில் கேட்டிருக்க மாட்டேன்.

உன் உடல்நலத்துக்கு வேண்டிக்கொள்ளும்
அலுமிதா


தக்காளிப் பண்ணை
ஜூன் 5

அன்புள்ள தங்கைக்கு,

சௌக்கியம். எல்லோருடைய சௌக்கியத்தையும் கேட்டதாகச் சொல்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. ஒரே வீட்டில் பதினொரு பேர். டோங்காக்காரர்கள் பாடுகிறார்கள், நாங்கள் அவர்களைவிட உரக்கப் பாடுகிறோம். உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிவிட்டேன். சௌகரியமாகத்தான் இருக்கிறது.

வேலையை இன்னும் சில மாதம் நீட்டித் தருவார்கள்போல் இருக்கிறது. ஜூலை என்றது செப்டம்பர் ஆகலாம். கொடி நன்றாக வளர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். பூ ஊதாவாக, குலைகுலையாக வரும்.

பெரியப்பா அறிந்தவர். எது நல்லதோ அதைச் செய்வார்.

வைசாகே


தவெயுனி
ஜூலை 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீயும் நலமென்று எழுதியிருந்தாய்.

பூ வந்துவிட்டது. ஊதா. நீ சொன்ன மாதிரிதான்.

பல்லைப் பற்றிக் கேட்டேன். நீ பூவைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை மனோவாவிடம் படித்துக் காட்டினேன். அவன் நெடுநேரம் ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு, "மச்சானுக்குத் தபால்தலை ஒட்டத் தெரியுது, அந்த மட்டுக்கும் சந்தோஷம்" என்றான்.

ஜூலைக்கு நீ வரவில்லை என்பது அக்கரைக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாம் முறை வந்தார்கள். இந்தத் தடவை பெரிய பல். பெரியப்பா இப்போதும் வாங்கவில்லை. ஆனால் வேறு மாதிரி பேசினார். "அக்டோபர்ல பங்காளிங்க கூடுவோம். அப்ப அந்த நிலத்துல மனுஷன் திங்கிற ஏதாவது ஒண்ணு நிக்கட்டும். நின்னா நிலமும் இவளும் இங்கதான். இல்லேன்னா நிலம் இலைதியாவுக்கு. அவளை எதுக்கு நான் பிடிச்சு வெக்கணும்?" பெரியப்பாவின் மகன் இலைதியா பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீ செப்டம்பரில் வந்து நட்டால் அக்டோபரில் எதுவும் நிற்காது. ஆகவே நானே வெட்டிவிட்டு நடப்போகிறேன்.

இலைதியாவிடம் சேம்புக் கன்று கேட்டேன். "உன் அண்ணன் வந்து முறையா யங்கோனா வெச்சுக் கேக்கட்டும். பொம்பளை நட்ட சேம்பை எவன் சேத்துக்குவான்?" ஊரில் மற்றவர்களும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். அதனால் கடையில் விதை வாங்கப் போகிறேன். சீனக் கீரை, முள்ளங்கி. சீக்கிரம் வருவது அதுதான்.

ஒன்று மட்டும் சொல். விதையின் வேர் நுனியை அது கருக்கும் என்று எழுதியிருந்தாய். வெட்டிப் போட்ட பிறகும் கருக்குமா? எத்தனை நாள் பொறுக்க வேண்டும்? வேறு எதற்கும் பதில் வேண்டாம். நலம்கூட எழுத வேண்டாம்.

அலுமிதா


தவெயுனி
ஆகஸ்ட் 7

அண்ணாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது?

பதில் வரவில்லை. மனோவா ஒவ்வொரு படகுக்கும் போய்க் கேட்கிறான். விவசாய அலுவலகத்துக்கும் போனான். அதிகாரி தலைநகர் சுவாவுக்கு மாற்றலாகிவிட்டாராம், நாற்காலிக்கு இன்னும் ஆள் வரவில்லையாம்.

வெட்டிய பிறகு எத்தனை நாள்? ஒரு வரி போதும்.

அலுமிதா


தவெயுனி
ஆகஸ்ட் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? எங்கே இருக்கிறாய்?

வெட்டிவிட்டேன். கொடியைத் தனித்தனியாக வெட்ட முடியவில்லை. ஒரு முனையை இழுத்தால் நிலம் முழுவதும் அசைகிறது. மனோவா கத்தியோடு வந்தான். "நான் உன்னைக் கட்டிக்க வேண்டிய முறைக்காரன், கூலிக்காரன் இல்லை" என்று முனகிக்கொண்டே மூன்று பேர் வேலையைச் செய்தான். இலைதியாவின் மனைவி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்: "என்ன அலுமிதா, போர்வையை உதறுறியா?"

பசுமையாகவே பரப்பினேன். அதன்மேல் நல்ல மழை. மழையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அப்புறம் நீ எழுதியது நினைவு வந்தது. மழை அதைக் கழுவி மண்ணில் இறக்கும்.

ஒரு வாரம் பொறுத்தேன். உன்னிடமிருந்து எதுவும் இல்லை. அக்டோபர் அங்கே நின்றுகொண்டிருக்கிறது. தழையை விலக்கி வரிசையாக விதை போட்டுவிட்டேன்.

செத்த செடி என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எனக்குக் கொஞ்சம் தைரியம் வருகிறது. நெடுநாள் கழித்து இன்று பசித்தது.

உனக்குச் சுகம் உண்டாகட்டும்.

அலுமிதா


தவெயுனி
செப்டம்பர் 21

அண்ணா,

பாதி முளைக்கவில்லை. முளைத்தவை இரண்டு இலை விட்டு, மஞ்சளாகி, சாய்ந்துவிட்டன.

ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் நகத்தளவு. நுனி பழுப்பு. இன்னொன்று. அதுவும். வரிசை முழுவதும் பிடுங்கினேன். எல்லாம் ஒரே மாதிரி. மேலே வர முயன்றிருக்கிறது, கீழே போக முடியவில்லை.

கொடியின்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ சொன்னதைத்தான் அது செய்திருக்கிறது. விதைத்தது எது, தானாக முளைத்தது எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

பெரியப்பா வரப்பில் வந்து நின்றார். நான் எழுந்திருக்கவில்லை. "நான் என்னம்மா செய்யட்டும்? நாலு பேருக்குக் காட்ட ஒரு இலைகூட இல்லையே" என்றார். கெட்ட குரலில் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அலுமிதா


அக்டோபர் 6

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. ஒருவழியாக நலம்.

பழைய விலாசத்துக்கு இனி எழுதாதே. அந்தப் பண்ணையை விட்டு ஜூன் கடைசியிலேயே வந்துவிட்டேன். கூடாரத்துக்குள் நிற்க முடியவில்லை. சொல்லிக்கொண்டு வரவில்லை. ஆகவே என் தாளெல்லாம் செல்லாது. திராட்சைத் தோட்டத்தில் கேள்வி கேட்காத ஒருவரிடம் வேலை. தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்கிறார்கள். ஊருக்குத் திரும்பினால் மறுபடி இந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். வெறும் கையோடு பெரியப்பா முன்னால் வந்து உட்கார என்னால் முடியாது. கிறிஸ்துமஸுக்குப் பார்க்கலாம்.

உன் ஜூலைக் கடிதம் மட்டும் ஒரு டோங்காக்காரன் கையில் சுற்றி நேற்று வந்தது. நீ கேட்டதற்கு உடனே பதில் எழுதுகிறேன். வெட்டிய பச்சைத் தழையில் விதை போடவே கூடாது. தழை மக்கிக் கறுக்கும்வரை, ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். அதன்பிறகு நஞ்சு இருக்காது. சிறிய விதைதான் சாகும். சேம்புக் கன்று நட்டால் ஒன்றும் ஆகாது. அவசரப்படாதே. அந்த மண்ணில் இந்த வருடம் என்ன வைத்தாலும் வரும், பார்.

நீ வெட்டுவதற்குள் இது வந்து சேர்ந்துவிடும் என்று நம்புகிறேன்.

உன் காது எப்படி இருக்கிறது? பிப்ரவரியிலேயே எனக்குப் புரிந்தது. புரிந்ததாக எழுதினால் நான் புறப்பட்டு வர வேண்டியிருக்கும். அதனால் ஓலை என்று எழுதினேன்.

வைசாகே


படகுத்துறை, தவெயுனி
நவம்பர் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் இருமல் குறைந்ததா? இனி நீ மறைக்க வேண்டாம், அதனால் கேட்கிறேன்.

உன் பதில் அக்டோபர் முடிவில் வந்தது. கூட்டம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. யாரும் குரலை உயர்த்தவில்லை. இலைதியாவுக்கு நிலம் என்றார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். யங்கோனா ஒரு சுற்று வந்தது. பிறகு, வாசலில் காத்திருந்த அவருடைய அண்ணன்மாரை உள்ளே கூப்பிட்டார்கள். பெரியப்பா பல்லை இரண்டு கையாலும் வாங்கினார். அதன் கயிற்றை மடித்து வைத்தார். நான் பெண்கள் பக்கத்தில், வாசலுக்கு அருகில் இருந்தேன். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன காட்டியிருப்பேன்?

மூட்டை கட்டவும் சித்திமாரிடம் சொல்லிக்கொள்ளவும் இந்த நாட்கள் கொடுத்தார்கள். இலைதியா மறுநாளே சேம்பு நட்டுவிட்டான். நீ சொன்னது சரி. ஒன்றுகூடப் போகவில்லை. இலைகள் விரிந்து நிற்கின்றன. நேற்று என்னை வழியில் நிறுத்தினான். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தான். "உன் அண்ணனுக்கு எழுதினா சொல்லு. களை எடுக்கிற வேலையே இல்லை. இப்படி ஒரு மண்ணை நான் பார்த்ததில்லை." சொல்லிவிட்டேன்.

மனோவா துறைவரை லாரியில் கொண்டுவந்து விட்டான். வழியெல்லாம் ஏதாவது கிண்டல் செய்வான் என்று காத்திருந்தேன். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "நீ சரின்னு சொல்லு, வண்டியைத் திருப்பிடறேன்" என்றான். எங்கே திருப்புவது? அவன் தன் அண்ணன் வீட்டில் படுக்கிறவன். அவருடைய அண்ணன்மார் பக்கத்தில் நின்று டிக்கெட்டை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

நீ புரிந்ததாக எழுதியிருந்தாய். அந்த வரியை நிறைய முறை படித்தேன். நேரில் பேசக் கூடாது என்ற வழக்கம் நம் இருவருக்கும் எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது. நானும் பிப்ரவரியில் மழை என்றுதான் எழுதினேன். காது என்று எழுதவில்லை.

இதை மனோவாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். இனி நீ எழுதினால் ஒன்றைக் கவனத்தில் வை. அந்த வீட்டில் எந்தத் தபாலையும் முதலில் பிரிப்பவர் அவர். நான் எழுதுவதையும் படித்துவிட்டுத்தான் ஒட்டுவார்.

படகு வந்துவிட்டது.

அலுமிதா


வனுவா லேவு
ஜனவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. நான் நலம். அவர் நலம். அத்தை, மாமா, அண்ணன்மார் எல்லோரும் நலம். உன் நலமறிய ஆவல்.

இங்கே நல்ல மழை பெய்கிறது. கிறிஸ்துமஸ் நன்றாக நடந்தது. அவர் எனக்குப் புதிய துணி எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் என்னை அன்பாகப் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை.

உன்னைக் கேட்டதாக அவர் எழுதச் சொன்னார்.

எழுத வேறு ஒன்றும் இல்லை.

அன்புத் தங்கை
அலுமிதா